உங்கள் ஓவியம் பெரிய கம்பெனியின் விளம்பரத்தில் வந்துவிட்டதா? எதை முதலில், எதைப் பிறகு செய்வது: முழுமையான வழிகாட்டி

பெரிய பிராண்ட் ஒன்றின் விளம்பரத்தில் தன் ஓவியத்தைப் பார்த்துவிட்ட ஓவியர் செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, பிராண்டை டேக் செய்து, பொதுவில் கொதித்து எழுதுவார். கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிவு பரவத் தொடங்கியதுமே விளம்பரத்தை அழித்துவிடுகிறார்கள். எங்கெல்லாம் ஓடியது, எத்தனை நாள் ஓடியது என்று காட்ட ஓவியரிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த வேலையில் இளம் ஓவியர்கள் பலரோடு கூட இருந்திருக்கிறேன். கைநழுவிப்போன பல வழக்குகளில் சட்டம் ஓவியர் பக்கமே இருந்தது. படிகளை முன்பின்னாக மாற்றிச் செய்ததுதான் கெடுத்தது.

கீழே உள்ளது இந்தியச் சட்டத்தை ஒட்டி, ஓவியர், இல்லஸ்ட்ரேட்டர், போட்டோகிராபர் ஆகியோருக்காக எழுதியது. பாட்டு, குரல், நடிப்பு ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படத்தின் மூல ஃபைல் (லேயர்கள் பிரிந்தபடி இருப்பது), பென்சில் ஸ்கெட்ச், போட்டோ என்றால் கேமரா பதிந்த அசல் ரா ஃபைல். முதன்முதலில் வெளியிட்ட பதிவின் இணைப்பு. அந்தப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அந்த மின்னஞ்சல்கள். ஒப்பந்தம், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் எதுவாக இருந்தாலும் எல்லாம்.

பழைய ஃபைலைத் திறந்து பார்க்கும் பதற்றத்தில் பலர் அதை மறுபடி சேவ் செய்துவிடுகிறார்கள். 'கடைசியாகத் திருத்திய தேதி' இன்றைய தேதியாக மாறிவிடும். ஃபைலை அப்படியே நகலெடுத்து, நகலை மட்டும் திறங்கள்.

'நான் பதிப்புரிமையைப் பதிவு செய்யவே இல்லையே' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உங்களுடையதே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவான அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஓவியர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நிலை ஆதாரமாக ஏற்கப்படும், அவ்வளவுதான். கலைப்படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்களின் மீது பயன்படக்கூடியது என்றால் 2,000 ரூபாய். நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள், ஆனால் அதற்காக மற்ற படிகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

1. யாரிடமும் பேசும் முன் விளம்பரத்தைப் பிடித்து வையுங்கள்

இந்தப் படி முடியும் வரை பிராண்டுக்கு மெசேஜ் அனுப்பக் கூடாது. அந்த விளம்பரத்துக்குக் கீழே கமென்ட் கூடப் போடக் கூடாது. அவர்களுக்குத் தெரிந்த நொடியிலிருந்து ஆதாரம் குறையத் தொடங்கும்.

இணையத்தில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பிராண்டின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைத் திறப்பதிலிருந்து தொடங்கி, விளம்பரம் வரை போய், கமென்ட்களையும் தேதியையும் காட்டும்வரை ஒரே ஓட்டமாக ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். முகவரிப் பட்டை, நாள், மணி தெரிய வேண்டும். 'இது எங்கள் பக்கமே இல்லை, யாரோ போலியாகச் செய்தது' என்ற பதிலை இது முளையிலேயே கிள்ளிவிடும். அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களை நாளோடு சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரமாக இருந்தால் மெட்டாவின் ஆட் லைப்ரரியில் பிராண்டின் பெயரைத் தேடுங்கள். எந்த நாளிலிருந்து ஓடுகிறது, எத்தனை வடிவங்களில் ஓடுகிறது என்று அங்கே தெரியும். நம் நாட்டில் அரசியல் சாராத விளம்பரங்கள், ஓட்டம் நின்றதும் அந்தப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதனால் இதை அன்றைக்கே செய்ய வேண்டும். கூகுளுக்கும் இதே போன்ற ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் உண்டு.

நாளிதழில் வந்திருந்தால் பேப்பரை வாங்கி, வெட்டாமல் முழுப் பக்கமாக வையுங்கள். தேதியும் பதிப்பும் அதில்தான் இருக்கின்றன. பொட்டலத்தில் அச்சடித்திருந்தால் பொருளைக் காசு கொடுத்து வாங்கி, பில்லோடு வையுங்கள். ஹோர்டிங் என்றால் இரண்டு விதமாக எடுக்க வேண்டும்: விளம்பரம் தெளிவாகத் தெரிய ஒன்று, சுற்றியுள்ள கடை, சிக்னல், தெருப்பெயர் தெரிய இன்னொன்று. வெளியூர் நண்பர்களிடமும் கேளுங்கள். எத்தனை ஊரில் இருந்தது என்பதை வைத்துத்தான் பின்னால் தொகை பேச முடியும்.

எடுத்த ஃபைல்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கிச் சேகரிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, உள்ளே இருக்கும் தேதி, இட விவரங்களை நீக்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பும், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடும், இடம்பெறும். ஃபைலில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஃபைல்களை கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள்.

2. உரிமை இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

வரைந்தவருக்கே உரிமை என்று எல்லோரும் நம்புகிறோம். சட்டம் பல இடங்களில் அப்படிச் சொல்வதில்லை. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் பாதி வழியில் மிக மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படியுங்கள். சம்பள வேலையில் இருந்தபோது, வேலையின் பகுதியாக வரைந்தது முதலாளிக்குச் சொந்தம். இன்னொரு விதி பலருக்குத் தெரியாது: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த போட்டோ, வரையவைத்த பெயின்டிங், உருவப்படம் ஆகியவற்றுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண போட்டோ தொடங்கி காலண்டர் ஓவியம் வரை இது பொருந்தும். 'உரிமை ஓவியரிடமே இருக்கும்' என்று மின்னஞ்சலில் ஒரு வரி முன்பே எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு.

அடுத்து 19-ஆம் பிரிவு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுகள், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். முன்பு அதே கம்பெனிக்குப் படம் விற்றவர்கள் இதை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு என்று வாங்கிய படத்தை ஏழெட்டு ஆண்டு கழித்து மறுபடி ஓட்டுவது சாதாரணமாக நடக்கிறது. அங்கே கேள்வி காப்பியடித்தார்களா என்பதைவிட, லைசென்ஸ் முடிந்துவிட்டதா என்பதுதான்.

விளம்பர ஏஜென்சி 'பிட்ச்' (வாடிக்கையாளரிடம் காட்டும் மாதிரி) என்று கேட்டு, காசு தராமல் வாங்கிய ஸ்கெட்ச்களில் உரிமை உங்களுடையதே, நீங்கள் வேறு எதிலும் கையெழுத்திடாத வரை. அந்த மின்னஞ்சல் சங்கிலி பொன்னானது. உங்கள் படத்தை அவர்கள் பார்த்தார்கள் என்பதை அவர்களுடைய பெட்டியிலிருந்தே நிரூபிக்கிறது.

ஓவியப் போட்டிகளின் விதிமுறைகளையும் தேடிப் பிடியுங்கள். பெரிய பிராண்ட்கள் நடத்தும் போட்டிகளில் 'அனுப்பும் படைப்புகள் அனைத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்' என்ற வரி அடிக்கடி ஒளிந்திருக்கும். பரிசு கிடைக்காதவர்களின் படங்களும் அதில் சேர்த்தி. படங்களை லைசென்ஸுக்கு விற்கும் ஸ்டாக் தளங்களில் ஏற்றியிருந்தால், அங்கே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

உரிமையை விற்றுவிட்டீர்கள் என்றாலும் 57-ஆம் பிரிவு உங்களோடு இருக்கிறது: படைப்பு என்னுடையது என்று சொல்லும் உரிமை, நற்பெயர் கெடும்படி சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை டெல்லி விஞ்ஞான் பவனிலிருந்து 1979-இல் அகற்றிச் சேதப்படுத்திய வழக்கில், 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

3. காப்பியா, சாயலா என்று பிரித்துப் பாருங்கள்

ஐடியாவுக்கும் பாணிக்கும் பதிப்புரிமை கிடையாது. அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரண்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழுகிறதா என்பதே அளவுகோல். தாவணிப் பெண், காபி டம்ளர், பின்னால் கோபுரம் என்ற சேர்க்கை உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. அந்தப் பெண்ணின் தலை சாய்ந்த கோணம், மடிப்பு விழும் விதம், நீங்கள் தேர்ந்த நிறங்கள், கோபுரத்தை வெட்டி நிறுத்திய இடம் எல்லாம் சேர்ந்து வந்தால் பேச்சே வேறு.

விளம்பரத்தில் இது எப்படித் தீர்ந்தது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் வழக்கு அமெரிக்க ஓவியர் சால் ஸ்டைன்பெர்க்குடையது. நியூயார்க்கர் இதழின் 1976 மார்ச் 29 அட்டைக்கு, மன்ஹாட்டனிலிருந்து மேற்கே உலகத்தைப் பார்க்கும் புகழ்பெற்ற படத்தை அவர் வரைந்தார். கொலம்பியா பிக்சர்ஸ் 1984-இல் ஒரு திரைப்படத்துக்கு வெளியிட்ட போஸ்டர், அதே பார்வையைக் கிழக்கே திருப்பியிருந்தது. நகரவாசியின் குறுகிய உலகப் பார்வை என்ற ஐடியா யாருக்கும் பொது என்பதை அமெரிக்க நீதிமன்றம் ஏற்றது. ஆனால் கட்டிடங்களின் அலங்காரம், கூரைத் தண்ணீர்த் தொட்டிகள், கார்கள், மேலே ஓடும் நீலப் பட்டை, எழுத்துருவின் சாயல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, 1987-இல் ஸ்டைன்பெர்க் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த நீதிமன்றம் செய்ததை நீங்களே ஒரு தாளில் செய்யுங்கள். இடப்பக்கம் உங்கள் படம், வலப்பக்கம் விளம்பரம், ஒத்துப்போகும் இடங்களுக்கு எண்கள். உங்களுக்கு மட்டுமே உரிய தற்செயல்களைத் தேடுங்கள்: தவறிப்போன ஆறாவது விரல், கற்பனையாக எழுதிய கடைப்பெயர், நிழல் தப்பாக விழுந்த இடம். அது அவர்கள் படத்திலும் இருந்தால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒளி ஊடுருவ வைத்தும் பாருங்கள். டிரேஸ் செய்தது உடனே தெரியும். வேறுபாடுகளையும் மறைக்காமல் குறியுங்கள், ஏனென்றால் அவர்களின் வக்கீல் அங்கிருந்துதான் தொடங்குவார்.

சுவரோவியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள கலைப்படைப்பைத் திரைப்படத்தில் சேர்ப்பதற்கு 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சட்டத்தின் வரையறையில் விளம்பரப் படமும் திரைப்படம்தான். அசையாப் படத்துக்கான விலக்கு கட்டிடம், சிற்பம், கைவினைப் படைப்பு ஆகியவற்றோடு நிற்கிறது. ஆக, சுவரோவியங்களுக்குப் பேர்போன சென்னை கண்ணகி நகர் மாதிரி இடத்தில் நீங்கள் வரைந்த சுவர் விளம்பர வீடியோவில் வந்துபோனால் வழக்கு பலவீனம். அதையே போஸ்டராக அச்சடித்தால் பலம்.

சேலை, டி-ஷர்ட், டைல்ஸ் போன்றவற்றில் 50 தடவைக்கு மேல் தொழில்முறையில் பதித்துவிட்ட வடிவமைப்பு என்றால், டிசைன் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா என்ற கேள்வி குறுக்கே வரும். அதற்கு வக்கீலிடம் போய்விடுங்கள்.

4. விளம்பரத்துக்குப் பின்னால் யார் யார் என்று எழுதுங்கள்

பிராண்ட், ஏஜென்சி, தயாரிப்பு நிறுவனம், கடைசியில் படத்தைச் செய்த ஃப்ரீலான்சர். கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஏஜென்சிகள் விளம்பரம் வெளியானதும் தங்கள் பக்கத்தில் குழுவின் பெயர்களோடு பெருமையாகப் போடுவது வழக்கம். அதையும் முதல் படியிலேயே சேமியுங்கள். பிராண்டின் பதிவு பெற்ற சட்டப் பெயரையும் அலுவலக முகவரியையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதம் பிராண்டுக்கும் ஏஜென்சிக்கும் சேர்ந்தே போக வேண்டும். இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், இப்படி ஏதாவது வந்தால் ஏஜென்சிதான் ஈடு கட்ட வேண்டும் என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். பிராண்ட் கேள்வி கேட்டால்தான் ஏஜென்சி அசையும். ஃப்ரீலான்சரைத் துரத்தாதீர்கள். அவரும் நம்மைப் போல மாதக் கடைசியில் இன்வாய்ஸுக்குக் காத்திருப்பவர்; விளம்பரத்தில் லாபம் பார்த்தவர் அவரல்ல.

5. என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விளம்பரம் நிற்க வேண்டுமா, பணம் வேண்டுமா, பெயர் வேண்டுமா, மூன்றுமா? முடிவு செய்யாமல் எழுதினால், 'எடுத்துவிட்டோம், வருந்துகிறோம்' என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

தொகைக்கு அடிப்படை, முறையாகக் கேட்டிருந்தால் நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய லைசென்ஸ் கட்டணம். எந்தெந்த ஊடகம், எத்தனை நாள், எத்தனை ஊர், இவர்களுக்கு மட்டுமா என்ற நான்கையும் பொறுத்து அது ஏறும். இதே மாதிரி வேலைக்கு நீங்கள் முன்பு அனுப்பிய கொட்டேஷன்களும் இன்வாய்ஸ்களும் இங்கே பேசும். ஆதாரமில்லாமல் ஒரு கோடி என்று எழுதினால் அவர்கள் பதறமாட்டார்கள். பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள்.

6. முதல் கடிதம்

ஒரு பக்கம் போதும். நான் யார், என் படைப்பு எது, எப்போது எங்கே வெளியானது, உங்கள் விளம்பரம் எங்கே எந்த நாளில் பார்க்கப்பட்டது, நான் அனுமதி தரவில்லை, இன்ன தேதிக்குள் இன்னின்னது வேண்டும். ஒப்பீட்டுத் தாளை இணையுங்கள். எல்லா ஆதாரத்தையும் கொட்ட வேண்டாம். அவர்கள் என்ன மறுக்கிறார்கள் என்று பார்த்தபின் காட்டுவதற்கு எப்போதும் கொஞ்சம் இருக்கட்டும்.

மின்னஞ்சலோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது). கம்பெனி செயலாளர், சட்டப் பிரிவு என்று பதவிப் பெயருக்கு அனுப்பினால் கோப்பில் ஏறும். இன்ஸ்டாகிராம் மெசேஜைப் படிப்பவர் பெரும்பாலும் ஏஜென்சியின் ஊழியர். அது பிராண்டின் காதுக்குப் போகாமலே போகலாம்.

திருடன், மோசடி போன்ற சொற்கள் வேண்டாம். 60-ஆம் பிரிவின்படி, அடிப்படையில்லாத மிரட்டல் என்று அவர்களே உங்கள் மீது வழக்குப் போட இடமுண்டு. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்தது. ரெவோக் என்ற ஓவியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிச் சுவரில் வரைந்தது எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தது. அவருடைய வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும், அனுமதியின்றி வரைந்த சுவருக்குப் பதிப்புரிமையே இல்லை என்று அறிவிக்கக் கேட்டு 2018 மார்ச்சில் கம்பெனியே நீதிமன்றம் போனது. ஓவியர்களும் வாடிக்கையாளர்களும் பெரிய அளவில் எதிர்த்த பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெற்றது. உங்கள் பின்னால் அப்படி ஒரு கூட்டம் வரும் என்று நம்பி இறங்க முடியாது. உண்மைகளை மட்டும் எழுதுங்கள்.

7. வரும் பதில்களும் அவற்றுக்கான மறுமொழியும்

'இணையத்தில் கிடைத்தது.' கிடைப்பது அனுமதி ஆகாது. நியாயமான பயன்பாடு என்று சட்டம் சொல்வது சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி ஆகியவற்றைத்தான். பொருள் விற்கும் விளம்பரம் அதில் அடங்காது.

'முப்பது சதவீதம் மாற்றிவிட்டோம்.' அப்படி ஒரு சதவீதக் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. எவ்வளவு மாற்றினார்கள் என்பதைவிட, எடுத்தது எவ்வளவு முக்கியமான பகுதி என்றுதான் பார்ப்பார்கள்.

'எங்களுக்குத் தெரியாது, ஏஜென்சி செய்தது.' தெரியாது என்பதை நிரூபித்தால், 55-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்க முடியாது. தடை உத்தரவும், லாபத்தில் பங்கும் அப்போதும் கேட்கலாம். உங்கள் கடிதம் கிடைத்த நாளுக்குப் பிறகும் ஓடினால் அந்தச் சாக்கு செல்லாது. தபால் அவர்களிடம் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

'ஏ.ஐ. கருவி உருவாக்கியது.' பாணி மட்டும் ஒத்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம். குறிப்பிட்ட ஓவியத்தின் விவரங்களே வந்திருந்தால், ஒப்பீட்டுத் தாளை மறுபடி முன்னால் வையுங்கள், வெளியிட்டவர் பிராண்ட்தான்.

'அடுத்த வேலை உங்களுக்கே தருகிறோம்.' மிக இனிமையான குரலில், போனில் வரும். பழைய கணக்கு தீரட்டும், பிறகு பேசலாம் என்று மின்னஞ்சலில் பதில் எழுதுங்கள். போனில் பேசியது எதுவானாலும் அன்றே 'நாம் பேசியது இது' என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

8. தளங்களில் புகாரும் பொதுப் பதிவும்

இரண்டும் இப்போதுதான். இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலும் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் உண்டு. எழுத்துப் புகார் முறையாகக் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கின்றன பதிப்புரிமை விதிகள். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் படம் திரும்ப வரலாம்.

பொதுவில் எழுதுவதானால் இரு படங்கள், இரு தேதிகள், நீங்கள் கடிதம் அனுப்பிய நாள், வந்த பதில். அவ்வளவே. படிப்பவர்கள் தாங்களே முடிவுக்கு வருவார்கள், அவதூறு நோட்டீஸுக்கும் இடமிருக்காது. விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.யிடம் புகார் செய்யச் சொல்பவர்களும் உண்டு. அதன் விதி, ஒரு விளம்பரம் இன்னொரு விளம்பரதாரரின் விளம்பரத்தைப் போலிருப்பதைப் பற்றியது. உங்கள் ஓவியத்துக்கு அங்கே பெரிதாக வழியில்லை.

9. நீதிமன்றம்

கம்பெனி மும்பையில் இருக்கிறது என்று பயந்து விடுபவர்கள் அதிகம். 62-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். மதுரை ஓவியர் மதுரையில் போடலாம். சிறிய ஆளுக்குச் சட்டம் வேண்டுமென்றே கொடுத்திருக்கும் பலம் இது.

அவசரத் தடை உத்தரவு கேட்டால் நேராகப் போகலாம். இழப்பீடு மட்டும் என்றால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவின்படி முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். 2022-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று உறுதிசெய்தது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் கடிதப் போக்குவரத்தில் மாதங்களைக் கரைக்காதீர்கள். 'இவ்வளவு நாள் சும்மா இருந்தவருக்கு இப்போது என்ன அவசரம்' என்று கேட்பார்கள். இழப்பீட்டு வழக்குக்குக் கெடு, மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆனாலும் அங்கே தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பெரிய கம்பெனி அந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போகும். உங்கள் பணமும் காலமும் அதிலேயே கரையும்.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

10. செட்டில்மென்டில் கையெழுத்திடும் முன்

பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன, கடைசித் தவறும் இங்கேதான் நடக்கிறது. கம்பெனி அனுப்பும் ஒப்பந்தத்தின் நடுவில், படத்தின் எல்லா உரிமைகளையும் உலகம் முழுவதும், என்றென்றைக்கும் மாற்றித் தருவதாக ஒரு பத்தி இருக்கும். நடந்ததற்கு ஈடு வாங்கப்போய், படத்தையே விற்றுவிட்டு வருவீர்கள். அந்தப் பத்தியை அடித்துவிட்டு, 'கடந்த பயன்பாட்டுக்கு மட்டும்' என்று எழுதக் கேளுங்கள். தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் அதற்குத் தனி லைசென்ஸ், தனிக் கட்டணம்.

நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டாலும், 'இது என் படைப்பு' என்று உங்கள் போர்ட்ஃபோலியோவில் காட்டும் உரிமையை விட்டுவிடாதீர்கள். டீலர் கடைகளில் ஒட்டியவற்றை எடுப்பது யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுத வேண்டும். இணையத்தில் எடுத்த பிறகும் கடைச் சுவர்களில் மாதக்கணக்கில் தொங்கும். டி.டி.எஸ். பிடித்தது போகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று எண்ணிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். வழக்கையோ புகாரையோ திரும்பப் பெறுவது, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான்.